ராஜாவுக்கு இறங்காத சோறு

ராஜா சாப்பிட உட்கார்ந்தார்.

தட்டில் சோறு. ஆவி பறக்கும் மலைநாட்டு அரிசிச் சோறு. ஒரு கவளம் எடுத்து வாயருகே கொண்டு போனவர், அப்படியே நிறுத்திவிட்டார். கையில் இருந்தது நெளிகிறது. ஒவ்வொரு பருக்கையும் ஒரு புழு. சட்டென்று உதறிவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார். உள்ளே ரத்தம்.

பக்கத்தில் நின்றவர்கள் கண்ணுக்கு அது சோறுதான். தண்ணீர்தான். ராஜாவுக்கு மட்டும்தான் இப்படி. அன்றைக்கு மட்டுமல்ல, மறுநாளும், அதற்கடுத்த நாளும். கஜானா நிறையப் பணம் இருக்கிறது, களஞ்சியம் நிறைய தானியம் இருக்கிறது. ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

யார் இந்த ராஜா? என்ன தப்பு செய்தார்?

சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் என்னோடு ஒரு மலைக் கிராமத்துக்கு வரவேண்டும். ஹிமாசலப் பிரதேசத்தில் குல்லூ மாவட்டம். அங்கே பார்வதி என்று ஒரு நதி, பியாஸ் நதியோடு புந்தர் என்கிற ஊரில் கலக்கிறது. அங்கிருந்து பார்வதியின் கரையோடு சுமார் 35 கிலோமீட்டர் மேலே ஏறினால் மணிகரண்.

வெந்நீர் ஊற்று என்றால் தமிழர்களாகிய நமக்கு அதிகபட்சம் இலங்கை திரிகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியாதான் ஞாபகத்துக்கு வரும். ஏழு கிணறுகள். ராவணனோடு சம்பந்தப்படுத்திக் கதை சொல்வார்கள். குளிக்க இதமான சூடு. அவ்வளவுதான். மணிகரண் அந்த ரகமில்லை. இங்கே தெரியாத்தனமாகக் கையை விட்டால் கை வெந்துவிடும். சும்மா சொல்லவில்லை. ஊற்றுத் தண்ணீரை 94, 96 டிகிரி வரைக்கும் அளந்து வைத்திருக்கிறார்கள். ஊர் இருப்பது சுமார் 1750 மீட்டர் உயரத்தில். அதாவது ஏற்காட்டைவிட உசரம், கொடைக்கானலைவிடக் கொஞ்சம் தாழ்வு. அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதற்கு 100 டிகிரி வேண்டியதில்லை, 94 டிகிரியே போதும். ஆக, பூமியிலிருந்து வெளியே வரும்போதே கொதித்துக்கொண்டுதான் வருகிறது. அடுப்பு, விறகு, கேஸ் எதுவும் வேண்டாம்.

இப்படி ஒரு ஊற்று கிடைத்தால் மனிதன் என்ன செய்வான்? சமைப்பான். மணிகரணில் பல தலைமுறைகளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

*

நான் போனது 2012-ல். போனதற்குக் காரணம் பக்தி இல்லை. பனியன்.

திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். நமக்குப் பருத்தி என்றால் பஞ்சாபின் லூதியானாவுக்குக் கம்பளி. இந்தியாவின் பின்னலாடைக்கு இரண்டு தலைநகரங்கள் என்று வைத்துக்கொண்டால் ஒன்று இங்கே, இன்னொன்று அங்கே. அந்த ஊரைப் பற்றி எழுதலாம் என்று கிளம்பியபோது, 'நானும் வர்றேனுங்ண்ணா' என்று கூடவே தொற்றிக்கொண்டார் நண்பர் ஒருவர். எங்கள் 15 வேலம்பாளையத்துக்காரர். (ஆமாம், ஊர்ப் பெயரே எண்ணோடுதான் ஆரம்பிக்கும். 15 வேலம்பாளையம். கணக்கில் கெட்டிக்கார ஊர்.) என்னைவிடப் பத்து வயது இளையவர். சின்னதாக ஒரு சாயப்பட்டறை வைத்திருந்தார்.

'வைத்திருந்தார்' என்பதை கவனியுங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். பிறகு கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு மாறியவர்கள் திரும்பத் திறந்தார்கள். நண்பரால் முடியவில்லை. பட்டறையில் வேலை பார்த்த பதினோரு பேருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டு, வீட்டில் உட்கார்ந்திருந்தார். லூதியானாவில் ஏதாவது தொழில் அகப்படுமா என்று பார்க்கத்தான் வந்தார்.

அகப்படவில்லை. 'இவ்வளவு தூரம் வந்தாச்சுங், எங்காச்சும் ஒரு கோயிலையாவது பார்த்துட்டுப் போவோமுங்' என்றார். ராத்திரி பஸ். விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே தேவதாரு மரங்கள்.

வழியில் கசோல். மணிகரணுக்கு 4 கிலோமீட்டர் முன்னால். இஸ்ரேலில் கட்டாய ராணுவ சேவை முடித்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்குகிற ஊர். ஓட்டல் பலகைகளில் ஹீப்ரு எழுத்து. உள்ளே ஃபலாஃபெல், ஷக்ஷுகா. கொண்டைக்கடலையை அரைத்துப் பொரித்த ஃபலாஃபெல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, 'நம்ம மசால் வடைக்குத் தம்பிங்' என்று தீர்ப்புச் சொன்னார் நண்பர். அதற்குப் பக்கத்திலேயே உள்ளூர்க் கடையில் சித்து. கோதுமை மாவைப் புளிக்கவைத்து, உள்ளே உளுந்தோ வால்நட்டோ வைத்து, ஆவியில் வேகவைத்து, தலையில் நெய்யை ஊற்றித் தருகிறார்கள். கொழுக்கட்டைக்கு ஸ்வெட்டர் போட்ட மாதிரி இருக்கும். அந்தக் குளிருக்கு அமிர்தம்.

அப்புறம் மணிகரண். தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஊர் புகைகிறது. ஆற்றங்கரை, பாறை இடுக்கு, கட்டடத்தின் அடிவாரம், எங்கே பார்த்தாலும் நீராவி. கீழே ஓடும் பார்வதி பனிமலையிலிருந்து வரும் தண்ணீர். விரல் வைத்தால் விறைத்துப்போகும். அதன் கரையிலேயே கொதிக்கும் ஊற்று. இரண்டுக்கும் நடுவே நாலு எட்டுதான்.

*

இந்தக் கொதிப்பு எங்கிருந்து வருகிறது?

இதற்கு மூன்று பேர் மூன்று பதில் வைத்திருக்கிறார்கள்.

முதல் பதில் புராணம். சிவனும் பார்வதியும் இந்தப் பள்ளத்தாக்கில் நெடுங்காலம் தங்கியிருந்தார்கள். ஒருநாள் பார்வதியின் காதணி மணி தண்ணீரில் விழுந்து பாதாளத்துக்குப் போய்விட்டது. ஆதிசேஷன் எடுத்து வைத்துக்கொண்டான். சிவன் கோபப்பட்டார். சேஷன் பயந்து சீறிய சீற்றத்தில் கொதிநீரோடு மணிகளாக வெளியே கொட்டியது. கர்ணம் என்றால் காது. மணி, கர்ணம், மணிகரண். காசியில் இருக்கும் மணிகர்ணிகா கட்டத்துக்கும் இதே மாதிரிக் காதணிக் கதை உண்டு. 1905 வரைக்கும் ஊற்றிலிருந்து மணிகள் வந்துகொண்டிருந்தன என்று உள்ளூரில் சொல்கிறார்கள். அந்த வருடம் ஏப்ரல் 4-ம் தேதி காங்ரா பூகம்பம். சுமார் 20 ஆயிரம் பேர் இறந்தார்கள். மணிகரணின் சிவன் கோயில் சாய்ந்தது அப்போதுதான். மணிகள் வருவதும் அதோடு நின்றுவிட்டதாம்.

இரண்டாவது பதில் சீக்கியர்களுடையது. குருநானக் (1469-1539) தன் சீடர் மர்தானாவுடன் இங்கே வந்தார். சீக்கியர் மரபு குறிப்பிடுவது விக்ரம வருடம் 1574, நம் கணக்குக்கு 1517. மர்தானாவுக்குப் பசி. மாவு இருக்கிறது, நெருப்பு இல்லை. 'அந்தக் கல்லைப் புரட்டு' என்றார் குரு. புரட்டினால் கொதிநீர். ரொட்டி தட்டிப் போட்டார் மர்தானா. போட்ட ரொட்டியெல்லாம் முழுகிப் போச்சு. இருந்த மாவும் போச்சு. 'கடவுள் பெயரால் ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன் என்று வேண்டிக்கொள்' என்றார் குரு. வேண்டிக்கொண்டார். முழுகிய ரொட்டியெல்லாம் வெந்து மேலே மிதந்து வந்தது.

இந்தக் கதையை மனசில் வைத்திருங்கள். திரும்ப வருவோம்.

மூன்றாவது பதில் விஞ்ஞானம். இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்துபோய் ஆசியாவை முட்டி ஏறத்தாழ 5 கோடி வருடங்கள் ஆகின்றன. இன்னும் முட்டிக்கொண்டே இருக்கிறது. மடங்கி எழுந்ததுதான் இமயமலை. எரிமலை எதுவும் இங்கே இல்லை. ஆனால், அந்த நெருக்கலில் பாறைகள் ஆழமாகப் பிளந்து கிடக்கின்றன. மழையும் பனியுருகிய நீரும் விரிசல் வழியே கீழே இறங்குகின்றன. ஆழத்தில் பாறையின் சூட்டைக் குடிக்கின்றன. சூடான தண்ணீர் லேசானது, வேறு விரிசலைப் பிடித்து மேலே வந்துவிடுகிறது. இங்குள்ள பாறைக்கே 'மணிகரண் குவார்ட்ஸைட்' என்றுதான் நிலவியலாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கல்லுக்குள் ஊர்ப் பெயர்.

இந்தச் சூட்டைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாமே? முயற்சி செய்தார்கள். 5 கிலோவாட்டில் ஒரு சோதனை மின் நிலையம். 7.5 டன் பழம், காய்கறி வைக்க ஒரு சோதனைக் குளிர்பதனக் கிடங்கு. தமாஷில்லை, வெந்நீரின் சூட்டை வைத்தே குளிரை உண்டாக்கலாம். ஆனால் இரண்டுமே சோதனை அளவைத் தாண்டிப் பெரிதாகவில்லை. அதே பார்வதி நதியைச் சுரங்கத்தில் திருப்பிவிடும் பார்வதி-2 நீர்மின் திட்டமோ 800 மெகாவாட். பல வருடம் இழுத்து 2025-ல்தான் முழுசாக ஓட ஆரம்பித்தது. பூமியின் சூட்டுக்கு 5 கிலோவாட், ஆற்றின் ஓட்டத்துக்கு 800 மெகாவாட். நாம் எதை நம்புகிறோம் என்பது இந்த இரண்டு எண்களில் தெரிந்துவிடுகிறது.

*

இப்போது ராஜாவுக்கு வருவோம். பாவம், அவர் இன்னும் பட்டினியாக இருக்கிறார்.

பெயர் ஜகத் சிங். குல்லூவை ஆண்டது 1637-லிருந்து 1672 வரை. சாமானியமான ஆள் இல்லை. பக்கத்து லக் நாட்டைப் பிடித்து, தலைநகரத்தை நக்கரிலிருந்து இன்றைய குல்லூ நகரமான சுல்தான்பூருக்கு மாற்றியவர். டெல்லியில் ஷாஜகான் காலம். இளவரசர் தாரா ஷிகோ இவருக்கு அனுப்பிய ஃபர்மான்கள் உண்டு. அவற்றில் இவர் ராஜா இல்லை, 'குல்லூவின் ஜமீன்தார்'. டெல்லிக்கு அப்படி. உள்ளூரில் ராஜாதி ராஜா.

அவர் காதில் ஒருவன் வந்து ஓதினான். 'டிப்ரி கிராமத்தில் துர்கா தத் என்று ஒரு பிராமணர் இருக்கிறார். அவர் வீட்டில் ஒரு படி முத்து இருக்கிறது.'

யோசித்துப் பாருங்கள். கடலே பார்க்காத மலை. அங்கே ஒரு ஏழை பிராமணர் வீட்டில் படிக்கணக்கில் முத்து. கணக்கு உதைக்கிறதல்லவா? ராஜாவுக்கு உதைக்கவில்லை. ஆசை வந்துவிட்டால் கணக்கு எங்கே உதைக்கும்?

ராஜா அப்போது மணிகரணுக்குத் தீர்த்த யாத்திரை கிளம்பிக்கொண்டிருந்தார். டிப்ரி வழியில் இருக்கிறது. முத்தைக் கொடு என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார். இல்லாத முத்தை எப்படிக் கொடுப்பது? 'திரும்பி வரும்போது தருகிறேன்' என்று தவணை வாங்கினார் துர்கா தத். ராஜா மணிகரணில் முழுக்குப் போட்டுவிட்டு, புண்ணியத்தோடு திரும்பி வந்தார். அதே புண்ணியத்தோடு முத்தைக் கேட்டார்.

துர்கா தத் குடும்பத்தை உள்ளே வைத்துப் பூட்டி வீட்டுக்குத் தீ வைத்தார். தன் சதையைத் தானே வெட்டி நெருப்பில் போட்டபடி, 'இந்தா உன் முத்து' என்று கத்திக்கொண்டே செத்துப்போனார்.

அன்றிலிருந்துதான் ராஜாவுக்குச் சோறு புழுவானது. தண்ணீர் ரத்தமானது.

வைத்தியம் பலிக்கவில்லை. கடைசியில் கிருஷ்ணதாஸ் பயஹாரி என்கிற வைஷ்ணவத் துறவியிடம் போனார். பயஹாரி என்றால் பாலை மட்டுமே உண்பவர் என்று அர்த்தம். சாப்பிட முடியாதவன், சாப்பாட்டையே விட்டவரிடம் போய் நின்றான். அவர் சொன்ன பரிகாரம் இது: அயோத்தியிலிருந்து ரகுநாதர் விக்கிரகத்தைக் கொண்டுவா. ராஜ்யத்தை அவருக்குக் கொடு. அவர் பாதத் தீர்த்தத்தைக் குடி.

துறவியின் சீடர் தாமோதர் தாஸ் அயோத்திக்குப் போனார். விக்கிரகத்தை எடுத்து வந்தார். எடுத்து வந்தார் என்பது மரியாதையான சொல். தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்பதே கதை. 1650-களில் அந்த விக்கிரகம் கொஞ்ச காலம் வைக்கப்பட்ட இடங்களில் ஒன்று, நம் மணிகரண். ராஜா கட்டியதாகச் சொல்லப்படும் ராமர் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. 1660 வாக்கில் ரகுநாதர் சுல்தான்பூருக்குக் குடியேறினார். ஜகத் சிங் சிம்மாசனத்தை அவருக்கு எழுதி வைத்துவிட்டு, அவருடைய தடி தாங்கும் சேவகன் என்று தன்னை அறிவித்துக்கொண்டார்.

நமக்குத் தெரிந்த கதை மாதிரி இருக்கிறதா? 1750-ல் திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்து, பத்மநாப தாசன் ஆனாரே, அதேதான். இவர் ஒரு நூற்றாண்டு முந்திக்கொண்டார்.

சரித்திரக்காரர்கள் புழுவையும் ரத்தத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு வேறொன்றைக் கவனிப்பார்கள். குல்லூவில் கிராமத்துக்குக் கிராமம் தெய்வம். ஒவ்வொரு தெய்வத்துக்கும் தனி நிலம், தனி அதிகாரம். எல்லாத் தெய்வத்துக்கும் மேலே ரகுநாதர் என்று ஆகிவிட்டால்? ரகுநாதரின் சேவகனுக்கு எதிரே யார் நிமிர்ந்து நிற்க முடியும்? பாவத்துக்குப் பரிகாரமும் ஆச்சு, ராஜ்யத்துக்குச் சிமென்ட்டும் ஆச்சு. ஊரெல்லாம் தசரா முடிகிற விஜயதசமி அன்றைக்குத்தான் குல்லூவில் தசரா ஆரம்பிக்கும். ஏழு நாள். நூற்றுக்கணக்கான கிராமத் தெய்வங்கள் பல்லக்கில் வந்து ரகுநாதருக்கு முன்னால் ஆஜர் கொடுக்கும்.

ராஜாவுக்குச் சோறு இறங்கியதா? இறங்கியது என்கிறது கதை. துர்கா தத் குடும்பத்துக்கு என்ன ஆச்சு என்று யாரும் திரும்பிக் கேட்கவில்லை. ஆனால், முந்நூற்று எழுபது வருடமாக ஜனங்கள் அந்த ஏழையின் பெயரை மறக்கவுமில்லை. ராஜா பெயரைச் சொல்லும்போதெல்லாம் துர்கா தத் பெயரையும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு தண்டனைதான்.

*

மணிகரண் குருத்வாராவுக்குள் போனோம். இப்போதிருக்கும் பெரிய கட்டடம் இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. சந்த் நாராயண் ஹரி என்ற துறவி இங்கே வந்து தங்கி, கல் சுமந்து கட்டியெழுப்பியது என்கிறார்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு, பாலத்தைத் தாண்டி உள்ளே போனால், இடது பக்கம் கொதிக்கும் ஊற்று. மூடிபோட்ட பெரிய பெரிய பாத்திரங்களை அதற்குள் இறக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே பருப்பு. இன்னொன்றில் அரிசி. ஊற்றின் ஓரத்தில் யாத்ரீகர்கள் குட்டிக் குட்டித் துணி மூட்டையில் அரிசியும் கொண்டைக்கடலையும் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வெந்ததும் பிரசாதம்.

நண்பர் அந்தப் பாத்திரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். 'அனுப்பர்பாளையம் பாத்திரம் மாதிரியே இருக்குதுங்ண்ணா' என்றார். வேலம்பாளையத்துக்குப் பக்கத்து ஊர். பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போனது. சின்ன வயசில் தெருவெல்லாம் தட்டும் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எந்த ஊருக்குப் போனாலும் அண்டாவைத்தான் முதலில் பார்ப்போம்.

அப்புறம் பந்தி. சீக்கியர்கள் பங்கத் என்கிறார்கள். நீளமான சணல் விரிப்பு. யார் பக்கத்தில் யார் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. எனக்கு இடது பக்கம் ஒரு லாரி கிளீனர் பையன். வலது பக்கம் நண்பர். அவருக்கு அடுத்து பொன் வளையல் குலுங்கும் ஓர் அம்மாள். சோறு, பருப்பு, ரொட்டி, கடி. ரொட்டியை இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்கவேண்டும். மூன்றாவது குரு அமர்தாஸ் (1552-1574) போட்ட விதி ஒன்று உண்டு: முதலில் பந்தி, அப்புறம்தான் தரிசனம். அக்பர் பாதுஷாவே அவரைப் பார்க்க வந்தபோது தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனார் என்கிறது சீக்கியர் மரபு.

பருப்பு எப்படி இருந்தது? அடுப்பில் அவசரப்படாத பருப்பு. மணிக்கணக்கில் ஒரே சூட்டில் வெந்தது. கரண்டி போட்டு மசிக்கத் தேவையே இல்லை, தானாகக் குழைந்து கிடந்தது. நான் மூன்று தடவை வாங்கினேன். வெட்கப்படவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் நண்பர் கேட்டார். 'ஏனுங்ண்ணா, இது எப்படிங் நட்டமில்லாம நடக்குது?'

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் முதலில் பற்று, அப்புறம் வரவு. மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். கச்சாப் பொருள், வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் அரிசியும் மாவும் பருப்பும். கூலி, அதுவும் இல்லை. பாத்திரம் தேய்க்கிறவர், ரொட்டி தட்டுகிறவர் எல்லோரும் சேவை. எரிபொருளில் பெரும் பங்கு பூமியின் உபயம். மூன்று செலவும் கிட்டத்தட்ட சைபர். ஆனால், அதை வைத்து மட்டும் ஒரு தொழில் நிலைக்காது. கடைசியாக இன்னொரு சைபர் இருக்கிறது. லாபம். நடுவில் யாரும் எடுக்கவில்லை. அதுதான் ரகசியம் என்றேன்.

நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டார். நானும் போனேன். தட்டு கழுவவும் வெந்நீர்தான். அரைமணி நேரம் கழுவியிருப்போம். திடீரென்று தண்ணீரைக் காட்டிக் கேட்டார்.

'இது எத்தனை டிகிரின்னீங்?'

'ஊற்றுல 95 இருக்கும் தம்பி.'

'சலவைக்கு அதே சூடுதாங்ண்ணா. துணியைச் சோடா போட்டு அந்த 95-லதான் வேக வைப்போம். ஒரு லோடு விறகு எரியும்.' கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். 'இந்தத் தண்ணி மட்டும் நம்மூர்ல வந்திருந்தா, ஒரே வருசத்துல நூறு பட்டறை போட்டிருப்போமுங்.'

'ம்.'

'அப்புறம் இதையும் கெடுத்திருப்போம்ண்ணா.'

நொய்யலைப் பற்றித்தான் சொன்னார் என்று உங்களுக்கும் புரிந்திருக்கும். 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அணை திறந்தார்கள். 20 ஆயிரம் ஏக்கர் பாசனத்துக்கு. தேங்கியது சாயத் தண்ணீர். கிணறுகள் உப்பாயின. தென்னை காய்ந்தது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011-ல் வந்த தீர்ப்பின் ஆரம்பம் அங்கே இருக்கிறது. ஜகத் சிங் ஒருவருக்குத்தான் தண்ணீர் ரத்தமாகத் தெரிந்தது. ஒருகாலத்தில் நொய்யல், பார்த்த அத்தனை பேருக்கும் சிவப்பாகவும் நீலமாகவும்தான் தெரிந்தது. அன்றைக்கு என்ன நிறம் ஏற்றுமதி ஆகிறதோ, அந்த நிறம்.

நண்பரை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? அந்தப் பட்டறைக் கூலியில் படித்த பிள்ளைகள் எங்கள் தெருவில் எத்தனையோ. நானே காலேஜ் ஃபீஸ் கட்டியது பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிய சம்பளத்தில்தான். முத்து வேண்டும் என்று கேட்டது ராஜா மட்டுமில்லை.

*

வருவதற்கு முன்னால் நண்பர் ஒரு காரியம் செய்தார். பையிலிருந்து ஒரு துண்டுத் துணி எடுத்தார். லூதியானாவில் காட்டுவதற்காகக் கொண்டுவந்த மாதிரித் துணி. பருத்திப் பனியன் துணி. கடையில் கால் கிலோ அரிசி வாங்கி அதில் கட்டினார். 'சாயம் போடாததுங்ண்ணா' என்று என்னிடம் விளக்கம் வேறு. நான் எதுவும் கேட்கவே இல்லை. கயிற்றில் கட்டி ஊற்றில் இறக்கினார். இருபது இருபத்தைந்து நிமிஷம். மூட்டை உப்பி மேலே வந்தது. பிரித்து, பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் ஒரு பிடி கொடுத்தார். கடைசியில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு வாய் மிஞ்சியது.

உப்பில்லாத வெறும் சோறு. நன்றாகவே இறங்கியது.

கொதிக்கிற ஊர் என்றைக்கும் இப்படியே இருந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். 2015 ஆகஸ்டில் மலையிலிருந்து உருண்ட பாறை அந்த குருத்வாராவையே இடித்துப் பல பேர் இறந்தார்கள். 2023 ஜூலை வெள்ளத்தில் சாலைகள் அறுந்து, கசோலிலும் மணிகரணிலும் சுற்றுலா வந்தவர்கள் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். 2025 மார்ச் 30-ம் தேதி குருத்வாராவுக்கு அருகே மண் சரிந்து மரம் விழுந்ததில் 6 பேர் போனார்கள். இடுக்கிலெல்லாம் கட்டடம், கட்டடத்துக்கு மேல் கட்டடம். அங்கேயும் யாரோ ஒருவன் ராஜாவின் காதில் முத்து இருக்கிறது என்று ஓதிக்கொண்டேதான் இருக்கிறான்.

நம் பக்கத்திலும் ஓர் அணையாத அடுப்பு இருக்கிறது. 1867 மே 23-ம் தேதி வடலூரில் வள்ளலார் ஏற்றியது. தருமசாலைக்கு நிலம் கொடுத்த ஜனங்களின் ஊர் பார்வதிபுரம். அங்கே பார்வதி என்று நதி, இங்கே பார்வதிபுரம் என்று ஊர். பசித்தவனை யார் எவர் என்று கேட்காமல் உட்கார வைப்பது, இரண்டு இடத்திலும் ஒரே வழக்கம். அங்கே பூமி எரிக்கிறது, இங்கே மனிதர்கள் விறகு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கென்னவோ இரண்டாவதுதான் கஷ்டமான காரியம் என்று தோன்றுகிறது.

மர்தானாவின் ரொட்டியை மனசில் வைத்திருங்கள் என்று சொன்னேன் அல்லவா? தனக்கென்று போட்டபோது முழுகியது. கொடுக்கிறேன் என்று சொன்ன பிறகு மிதந்தது. அதே பள்ளத்தாக்கில் 130, 140 வருடம் கழித்து இன்னொருவன் அடுத்தவன் வீட்டு முத்தைக் கேட்டான். அவன் தட்டில் இருந்த சோறும் போச்சு.

நண்பர் ஊருக்குத் திரும்பியதும் சாயப்பட்டறை திறக்கவில்லை. நாலு தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார். பழைய பதினோரு பேரில் ஐந்து பேர் திரும்ப வந்துவிட்டார்கள். சனிக்கிழமை சம்பள நாள். அன்றைக்கு மத்தியானம் மட்டும் அவர் வீட்டில் பெரிய அண்டாவில் சமையல் நடக்கிறது. அனுப்பர்பாளையம் அண்டா. எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஓனர் கடைசியில்.

வேலம்பாளையம் பக்கம் வந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமையாகப் பார்த்து வாருங்கள். பருப்பு பிரமாதமாக இருக்கும்.